பிலிப்பு அண்ணையின் காரில் இருந்த கல்

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து ஆன்சரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினேன். இரண்டு தகவல்கள் இருந்தன. முதலாவது பிலிப்பு அண்ணையின் குரல். "தம்பி, நாளைக்கு இன்னும் ஸ்னோ கொட்டுமாம். கொஞ்சம் வெள்ளெனவே வாறன். நீர் கீழை வந்து நிண்டால் சரி." இரண்டாவது அவருடைய மகன் ரூபனின் குரல். "அங்கிள், திஸ் இஸ் ரூபன். அப்பா ட்ரைவ்வேயிலை ஸ்னோ தள்ளேக்கை விழுந்திட்டார். ஹீ டிட்ன்ட் மேக் இற். அம்மா உங்களுக்கு எடுக்கச் சொன்னவ." அவர் பேசியதற்கும் அவர் இறந்த செய்திக்கும் இடையில் சில மணி நேரம்தான். மேல்சட்டையைக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் இருப்பவர்களுக்கு அவர் தேவாலயப் பூசைக்கு வருகிறவர்களை எல்லாம் வாசலில் நின்று விசாரிக்கிற மனிதர். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கோ அவர் 'கரி அண்ணை.' பிலிப்பு என்ற பெயரே சிலருக்குத் தெரியாது. கனடாவுக்கு வருவதற்கு முன் ஜேர்மனியில், ரூர் என்கிற நிலக்கரிப் பிரதேசத்தில் ஏழெட்டு வருடம் அகதியாக இருந்தவர். வாயைத் திறந்தால் அந்த ஊர்க் கதைதான். அதனால் வந்த பட்டம். அவர் அதற்குக் கோபித்ததில்லை.

கோபம் எனக்குத்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கு மேலாக, விடிவதற்கு முன் அவருடைய பழைய பெரிய காரில் ஏறி, ஸ்காபரோவிலிருந்து மிசிசாகா வரைக்கும் 401இல் அவரோடு போய் வந்தவன் நான். அந்த நெடுஞ்சாலையில் காலை நெரிசல் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார் நின்றுவிட்டால் அவர் தொடங்கிவிடுவார். மூச்சுப் படிந்த கண்ணாடியில் விரலால் மூன்று கோடு கீறுவார். "மேலை லிப்பே ஆறு, கீழை ரூர் ஆறு, நடுவிலை எம்ஷர். தெற்கிலை கரி மேலாலையே கிடந்தது, தம்பி. தோண்டிக்கொண்டு வடக்கை போகப் போக ஆழம் கூடிக்கொண்டு போகும்." நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலப் பாசாங்கு செய்த நாட்கள் நிறைய. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கதைத்துக்கொண்டே போவார்.

கேட்கக்கூடாது என்று இருந்தும் அந்தப் பிரதேசம் முழுவதும் என் தலைக்குள் ஏறிவிட்டது. வயலும் மாடுமாக இருந்த இடத்தில் கரி எடுக்கத் தொடங்கினார்கள். கரி இருந்த இடத்துக்கு இரும்பு மண் கப்பலில் வந்தது. உலைகள் எழும்பின. ஆட்கள் போதாமல் கிழக்கிலிருந்து போலந்துக்காரர் வந்தார்கள், பிறகு இத்தாலிக்காரர், பிறகு துருக்கிக்காரர். "கடைசியா நாங்கள் போய் இறங்க, அவங்கள் கடையைப் பூட்டிக்கொண்டிருக்கிறாங்கள்," என்பார். சுரங்கம் ஒவ்வொன்றாக மூடப்பட்டது. உலைகள் அணைந்தன. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் கட்டிய வீடுகளில், வேலை போன கிழவர்கள் யன்னலுக்குள் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதைகளில் அவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. அது நிலம் இறங்குகிற கதை. கரியை எடுத்துவிட்டால் மேலே உள்ள நிலம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சுவர் வெடிக்கும், கதவு பூட்டாது, தேவாலயக் கோபுரம் சரியும், ஓடுகிற ஆறு ஓட்டம் மறந்து தேங்கும். "சாக்கடையைக் குழாயிலை விட ஏலாது தம்பி, நிலம் இறங்கக் குழாய் உடைஞ்சிடும். அதாலை ஒரு முழு ஆத்தையே சாக்கடையாக்கிப்போட்டாங்கள்." அங்கே சுரங்க வேலைக்காரர் குடியிருப்பு ஒன்றில்தான் அவருக்கும் மனைவி றீற்றா அக்காவுக்கும் வீடு கிடைத்திருந்தது. அந்த வீட்டின் சமையலறையில் தாச்சியில் எண்ணெய் விட்டால் ஒரு பக்கமாகத்தான் போய் நிற்குமாம். இங்கே வந்து இத்தனை வருடமாகியும், சரிவே இல்லாத அடுப்பில் றீற்றா அக்கா தாச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே மீன் பொரிப்பதை அவர்கள் வீட்டில் சாப்பிட்ட எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

"அந்தத் தெருவிலை எல்லாரும் சுரங்கத்திலை வேலை செய்தவை. பகல் முழுக்கக் கீழை போய்த் தன்ரை வீட்டின்ரை காலைத் தானே வெட்டிப்போட்டு, பின்னேரம் மேலை வந்து வெடிச்ச சுவருக்குச் சாந்து பூசுவினம். ஒருத்தரையும் பிழை சொல்ல ஏலாது." இது அவர் அடிக்கடி சொன்னது. பக்கத்து வீட்டில் ஹெல்கா என்றொரு விதவை. கணவர் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரல் பழுதாகிப் போனவர். மொழி தெரியாமல் வந்து சேர்ந்த இவர்கள் இரண்டு பேருக்கும் கடைக்கு வழி காட்டியதும் பனிச் சப்பாத்து தேடிக் கொடுத்ததும் அந்த அம்மாதான்.

இவ்வளவும் சொன்ன மனிதர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதை நான் அறிந்தது ஸ்காபரோவில் ஒரு சேமக்காலையில். எங்களோடு வேலை செய்த ஒருவரின் தாயாரை அடக்கம் செய்யப் போயிருந்தோம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். பிலிப்பு அண்ணை, மண் மூடுவதற்காகக் காத்து நின்ற சேமக்காலைத் தொழிலாளியிடம் போனார். இந்த இடம் எத்தனை வருடத்துக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதருக்குக் கேள்வி விளங்கவில்லை. அண்ணை மறுபடியும் கேட்டார். "ஃபோர் எவர், சேர்," என்றார் அவர். அண்ணை நம்பவில்லை. "நோ, நோ, ஹவ் மெனி இயர்ஸ்?" என்று மூன்றாவது தடவையும் கேட்டார். அதே பதில்தான் வந்தது. பிறகு அண்ணை, அந்த நல்ல கோட்டும் சூட்டுமாக, ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். தலைசுற்று என்று நினைத்து ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் சாவியைத் திருகாமலே சொன்னார். "எனக்கு ரூபனுக்கு முதல் ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தது, தம்பி. ஸ்டெல்லா. காய்ச்சல் வந்து நெஞ்சிலை சளி கட்டிப் போட்டுது. நடக்கத் தொடங்கின வயசு." அவளை அந்த ஊரில்தான் அடக்கம் செய்திருந்தார்கள். அங்கே கல்லறை நிலம் தவணைக்குத்தான். தவணை முடிந்தால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தவணை இன்னும் குறைவு. அடக்கம் செய்த அன்று அதைச் சொன்னார்களாம், அவருக்கு அப்போது அந்த மொழி பாதி விளங்கியது, அன்றைய மனநிலையில் அந்தப் பாதியும் மனதில் நிற்கவில்லை. பிறகு அகதி மனு தள்ளுபடியாகி, கனடாவுக்கு வந்து, ரூபன் பிறந்து, வேலை, வீடு என்று வருடங்கள் ஓடிவிட்டன. "உலகம் முழுக்க உப்பிடித்தான் எண்டு நினைச்சன். இஞ்சை எப்பவும் இருக்கலாமாம். நான் அவளைப் பிழையான நாட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

நான் சைவக்காரன். எங்களுக்கு நெருப்போடு காரியம் முடிகிறது, சாம்பல் தண்ணீரோடு போகிறது. ஒரு துண்டு நிலத்துக்காக ஒருவர் இப்படி அழுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலமெல்லாம் அவர் சொன்ன நிலம் இறங்குகிற கதைக்குள் இருந்தவள் யார் என்பது அன்றுதான் விளங்கியது. தூங்குகிறவன்போல நடித்த என் காதுக்கு அருகில் அவர் தன் பிள்ளையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கோடையில் அவர் ஜேர்மனிக்குப் போனார். திரும்பி வந்த அன்று அவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போனேன். தோளில் ஒரு பை. அந்தத் தோள் மட்டும் நன்றாகச் சரிந்திருந்தது. தூக்க உதவிக்குப் போன என்னைத் தள்ளிவிட்டார். கார்த் தரிப்பிடத்தில் வைத்துத்தான் பையைத் திறந்து காட்டினார். பழைய துவாய் ஒன்றால் சுற்றிய ஒரு சிறு கல். தலையணை அளவுதான் இருக்கும். ஸ்டெல்லா என்ற பெயர் மட்டும் அதில் வெட்டியிருந்தது. "கஸ்டம்ஸிலை நிண்ட பெடியன் உது என்னெண்டு கேட்டவன். மகள் எண்டன். பேசாமல் பையை மூடித் தந்திட்டான்."

வழியில் மிச்சத்தைச் சொன்னார். அவர் போனபோது சுரங்கம் இல்லை, கோபுரம் இல்லை, இரவில் வானத்தைச் சிவப்பாக்கிய உலையும் இல்லை. சேமக்காலையில் அந்த மூலையில் புல் மட்டும் வளர்ந்திருந்தது. தவணை முடிந்ததும் உறவினர் வந்து காணும்படி கல்லில் ஒரு அறிவித்தல் துண்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டவர் ஹெல்கா. போய்க் கேட்டிருக்கிறார், உறவினர் அல்லாதவர் தவணையை நீட்ட முடியாது என்றிருக்கிறார்கள். கல்லை அகற்றிய நாளன்று அந்த அம்மா தோட்டத்துத் தள்ளுவண்டியைக் கொண்டுபோய், அதில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒருநாள் யாராவது தேடி வருவார்கள் என்று பூச்செடிகளுக்கு நடுவில் வைத்திருந்தாராம்.

"பிள்ளை அங்கைதான் கிடக்கிறாள், தம்பி. எந்த இடமெண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா சுரங்கத்தைப் பூட்டிட்டாங்கள். அவளுக்குக் கீழை இனி ஒருத்தரும் வெட்ட மாட்டினம்." மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "அந்த இடமெல்லாம் பள்ளமாப் போச்சுது, தண்ணி இறைக்காட்டில் குளமாகிவிடும். அதுக்காக இரவு பகலாத் தண்ணி இறைக்கிற மெஷின் ஓடுது. ஊர் இருக்குமட்டும் அதை நிப்பாட்ட ஏலாதாம். அது காணும். அவள் தண்ணிக்குள்ளை கிடக்க மாட்டாள்." தோட்டக் கிணற்றுக்கு மெஷின் பூட்டி இறைத்த மண்ணிலிருந்து வந்தவர் அவர். அந்தச் சத்தம் அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

கல் வந்துவிட்டது, வைப்பதற்கு இடம் இல்லை. கல்லறைக் கல்லை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்றார் றீற்றா அக்கா. வெளியே பனியில் விடவும் அவருக்கு மனமில்லை. சேமக்காலையில் கேட்டுப் பார்த்தார்கள், அடக்கம் இல்லாமல் கல்லை மட்டும் வைக்க வழியில்லை. "ஒருத்தர் செத்தாத்தான் இடம் தருவாங்களாம்," என்று சிரித்துக்கொண்டு சொன்னார் அண்ணை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கல்லைத் துவாயோடு கார் டிக்கியில் வைத்தார். அது பின்சில்லு இழுக்கிற கார், பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் சக்கரம் சறுக்கும். பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்க எல்லோரும் டிக்கியில் மண்மூட்டை போடுவார்கள். வேலைத்தலத்தில் யாரோ டிக்கியைப் பார்த்துவிட்டு, கரி அண்ணை ஜேர்மனியிலிருந்து கரி கொண்டுவந்து பாரத்துக்குப் போட்டிருக்கிறார் என்று பகிடி பண்ணினார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். இப்படி இரண்டு பனிக்காலம் ஸ்டெல்லா எங்களோடு வேலைக்கு வந்து போனாள். அண்ணை காரை மிக மெதுவாக ஓடினார். நான் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

சென்ற வாரம் அவரை அடக்கம் செய்தோம். நிலம் இறுகிக் கிடந்தது, இயந்திரத்தால்தான் வெட்டியிருந்தார்கள். குருவானவர் செபம் முடித்ததும் ரூபன் விலகிப்போய் டிக்கியைத் திறந்து, துவாய்ச் சுற்றை இரு கைகளாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், அக்கான்ரை ஸ்டோன். கான் வீ புட் இற் ஹியர் நவ்?" அவன் ஒருநாளும் பார்த்திராத அக்கா. சேமக்காலைக்காரரிடம் நான்தான் போய்க் கேட்டேன். இப்போது பக்கத்தில் வைக்கலாம், கோடை வந்து தகப்பனின் கல்லை நடும்போது சேர்த்துப் பதித்துவிடலாம் என்றார். கேட்க வேண்டிய தேவை இல்லாதிருந்தும் எத்தனை வருடத்துக்கு என்றும் கேட்டேன். அன்று அண்ணைக்குக் கிடைத்த அதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. றீற்றா அக்கா குனிந்து கையுறையைக் கழற்றிவிட்டு, பெயரில் படிந்திருந்த பனியை விரலால் துடைத்தார். "இப்ப ரெண்டு பேரும் ஒரு இடத்திலை," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் றீற்றா அக்கா கார்ச் சாவியை என் கையில் வைத்தார். "எனக்குக் கார் ஓடத் தெரியாது. உவன் ரூபனுக்கு உது வேண்டாமாம். நீர்தானே அதிலை வேலைக்குப் போறனீர்." சாவியை வாங்கிக்கொண்டேன்.

இப்போது தனியாகத்தான் 401இல் போய்வருகிறேன். கார் நின்றால் சிலவேளை கண்ணாடியில் மூன்று கோடு கீறிப் பார்க்கிறேன். ஆன்சரிங் மெஷினில் அவருடைய குரலை அழிக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது எது என்று கேட்டால், அந்த வெறும் டிக்கியைத்தான் சொல்வேன். கல் இறங்கிய நாளிலிருந்து காரின் பின்பக்கம் இலேசாகிவிட்டது, வளைவுகளில் வழுக்குகிறது. மண்மூட்டை ஒன்றைப் போடு என்று வேலைத்தலத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போடவில்லை. அவரைப்போலவே மெதுவாக ஓடுகிறேன்.