அண்ணன் கடை திறக்காத முற்பகல்

அண்ணனின் ஓராண்டு நினைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கிழக்கேகோட்டைக் கடைக்காரர்களுக்கும் என் வணக்கம். நாலு பேர் கூடினால் அடுக்களைக்குள் போய்விடுகிறவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. "நீ கண்டதை நீயே எழுது, பிள்ளே" என்று அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது வலியசாலையில், இப்போதும் நாங்கள் இருக்கும் இதே வீட்டில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோவில் அருகே தேங்காய்க் கடை போட்டவர். அவர் காலமானபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு. மறுவாரமே அண்ணன் கடையில் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தக் கடை திறக்காத நாள் அபூர்வம். காதருகே ஆட்டிப் பார்த்தே காய் உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார். உடைத்தது அழுகல் என்று யார் திரும்பி வந்தாலும் கேள்வி கேட்காமல் வேறு காய் கொடுப்பார். என்னைக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவருக்கும் மைனிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கும் பதினாறு வருடம் இல்லாமலிருந்து, நாற்பத்திரண்டாம் வயதில் பாப்பா பிறந்தாள். என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. அதனால் அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். பிள்ளை பிறந்தால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். முதல் பிறந்தநாள் முடிந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், போகிற நாளெல்லாம் ஒவ்வொன்றாக உடைத்து வந்தேன்.

ஒன்றரை வயதில் பாப்பா எல்லாவற்றையும் எறிந்து உடைக்கத் தொடங்கினாள். டம்ளர், ரிமோட், அண்ணனின் கண்ணாடி, கண்டதெல்லாம் பறந்தது. ஊட்டுகிற சோற்றுக் கிண்ணம் என் கையிலிருந்தே போகும். ஒன்றைப் பெருக்கி எடுப்பதற்குள் அடுத்தது விழும். குளிக்கப் போகவே பயம். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "குட்டிக்கு வாசி ஜாஸ்தி. பிள்ளையாருக்கு இன்னும் பதினொண்ணு நேர்ந்துக்கோ, பிடிவாதம் எல்லாம் குறையும்" என்றார் அடுத்த வீட்டு அம்மா. நேர்ந்தேன். நான் கூடக் கூட உடைத்தேன். அவளும் கூடக் கூட உடைத்தாள்.

ஒரு பிற்பகல், வீட்டுக்காரர் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் தரையில் விழுந்து சிதறியது. என் கை ஓங்கியதை நான் அறியவில்லை. பாப்பாவின் முதுகில் என் நாலு விரலும் சிவந்து தெரிந்தன. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து போய் மைனியிடம் ஒண்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன். "எனக்கு இது கழியாது, என்னால முடியாது அண்ணே. இன்னைக்கு முதுகு, நாளைக்கு எங்க படும்னு எனக்கே தெரியல. நீங்களும் மைனியுமா எடுத்து வளத்துக்கிடுங்க. உங்க பிள்ளையா இருக்கட்டும்."

பாப்பா மைனியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த மைனியின் கை அப்படியே நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இது என்ன தேங்காயா? சரியில்லன்னு கொண்டு வந்தா மாத்தித் தாறதுக்கு?" என்றார். பிறகு மைனியைப் பார்த்து, "தங்கச்சி மகளா, நமக்கு மருமகளா இருந்தாப் போதும், அல்லே?" என்றார்.

மைனி தலையை மட்டும் ஆட்டினார். அது எவ்வளவு கனமான தலையாட்டல் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மறுநாள் அண்ணன் கடை திறக்கவில்லை. காப்பி குடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துத் தரையில் குப்புறப் படுத்தார். தொண்ணூறு கிலோ உடம்பு.

"என்ன, வயித்துக்குச் சுகமில்லையா?" என்று மைனி பதறினார்.

"சும்மா இரி. அவ உயரத்துல கெடந்து பாக்கேன்."

பாப்பா அவர் முதுகில் ஏறினாள், காதைத் திருகினாள், இறங்கிப் போய்க் கிடைத்ததை எல்லாம் எறிந்தாள். ஒவ்வொன்று விழும்போதும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "கால்ல பட்டுதா மக்களே?" என்ன உடைந்தது என்று பார்க்கவே இல்லை.

பதினொரு மணி இருக்கும். "ஏட்டி, இங்க வா. நீயும் படு" என்று கூப்பிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் படுத்தேன். பாப்பா ஒரு டம்ளரை எடுத்தாள். இரண்டு கையாலும் நெற்றிக்கு உயர்த்தினாள். கண்ணை இறுக்கி மூடினாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு எறிந்தாள். எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கோவிலில் தேங்காய் உடைக்கும்போது நான் செய்ததை அப்படியே, ஒன்று விடாமல் செய்துகொண்டிருந்தாள்.

"வாசியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. பிள்ள சாமி கும்பிடுது. அதுக்கா அடிச்சே?" என்று அண்ணன் சிரித்தார். நான் தரையில் கிடந்தபடியே அழுதேன். பெற்றுப் பாலூட்டி, ஒன்றரை வருடம் கூடவே இருந்த நான் காணாததை, பிள்ளை வளர்த்தறியாத அண்ணன் ஒரு முற்பகலில் கண்டுவிட்டார். இன்று நினைத்தாலும் அந்த ஆச்சரியம் அடங்கவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லை அண்ணன் பாப்பாவுக்கு "உடைக்கிற இடம்" ஆக்கினார். பின்புறத் தென்னையில் உதிரும் குரும்பை மூன்றைக் கையில் கொடுத்து, கும்பிட வைத்து, எறிய வைத்துவிட்டுத்தான் தினமும் கடைக்குப் போவார். வீட்டுக்குள் எல்லாம் "வைக்கிற இடம்". பாப்பா ஒரு கிண்ணத்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டால், பிள்ளையாரே இறங்கி வந்ததுபோல ஆர்ப்பாட்டம் செய்வார். நல்ல நாள் குறைவு, மோசமான நாள்தான் அதிகம். அண்ணனின் இரண்டாவது கண்ணாடியும் போயிற்று. "சாரமில்ல, போனாப் போகட்டும். கண்ணாடி மாட்டக் காதும் மூக்கும் மிச்சமிருக்கே" என்றார்.

பாப்பா அடங்க ஆறேழு மாதம் ஆனது. என் கை பிறகு ஓங்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஓங்கியது. ஆனால் வாய் முந்திக்கொண்டு "கால்ல பட்டுதா?" என்று கேட்டுவிடும். கேட்டபின் அடிக்க வராது.

பாப்பாவுக்கு நாலு வயதானபோது அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், இடது கையால் தானே குடிப்பேன் என்று பிடிவாதம். ஒரு நாள் காலையில் பீங்கான் கஞ்சிக் கிண்ணம் கை நழுவித் தரையில் சிதறியது. ஒருவருக்கும் பாரமாக இல்லாத மனிதர், முகம் சுருங்கிப்போனார். நான் ஓடி வந்து, "கால்ல பட்டுதா அண்ணே?" என்றேன். அதே நேரம் பின்னாலிருந்து, "கால்ல பட்டுதா மாமா?" என்று இன்னொரு குரல். பாப்பா தன் உயரத்துக்குப் பெருக்குகிற வாரியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கோணிய வாயால் சிரித்தார். "ரெண்டு பேரும் படிச்சாச்சு" என்றார். நாங்கள் அவரிடமிருந்து தெளிவாகக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த மாதம் இறைவனடி சேர்ந்தார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் துணை இருந்த தெருக்காரர்களுக்கும், அந்த நாட்களில் எங்கள் கடையையும் சேர்த்துக் கவனித்த பக்கத்துப் பூக்கடை அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மைனி அன்று தலையாட்டியதற்கு முகத்துக்கு நேரே நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் சிலருக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பழவங்காடிக்கு வந்து, அண்ணன் கடை மூடிக்கிடப்பதைப் பார்த்து, வேறு கடைக்கு நடந்து போனவர்கள் அவர்கள். உங்களுக்குக் கிடைக்காமல் போன அந்த முற்பகல்தான் எங்களுக்குக் கிடைத்தது.