ஹாலுக்குள் ஒரு மாடிப்படி

அம்மா படிக்கும் சினிமா வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் அச்சு மையோடு தையல் மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்தே வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் அம்மாவோடு துணி தைத்த பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரே பிரதி வாங்கி, ஆளுக்கொரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, கடைசியில் முறை வைத்து ஒருத்தி நடுப்பக்கத்தைக் கிழித்துக்கொள்வாள். அம்மாவின் முறைக்கு வந்ததெல்லாம் பீரோக் கதவின் உள்பக்கம் ஏறும். எல்லாமே சினிமா நட்சத்திரங்களின் வீட்டுப் படங்கள்; அம்மாவின் வாயில் "ஸ்டார் ஊடு". எந்த நட்சத்திரமானாலும் வீட்டுக்குள் வளைந்து ஏறும் மாடிப்படியில் கை வைத்து நின்று சிரிப்பார். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு அப்போதே நம்பிக்கையில்லை.

மேனாம்பேட்டில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது, பத்தாம் வகுப்புக்குப் போகிற எனக்குத் தனி அறை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். சுண்ணாம்புக் கோடு போட்ட அந்தச் சதுரத்துக்குள் தினமும் போய் உட்கார்ந்து, ஜன்னல் எங்கே வரும் என்று பார்ப்பேன். அம்மா அதில்தான் கை வைத்தாள். படி ஹாலுக்குள் வளைந்து வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மேலே வெறும் மொட்டைமாடிதான் என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். அப்பா இரண்டு நாள் செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் அறை படியாகிப் போனது.

வயிற்றெரிச்சலில் பீரோவைத் திறந்து படங்களைத் துருவினேன். மூன்று நட்சத்திரங்கள், மூன்று "ஊடு", ஆனால் படி ஒன்றே. மூன்று படத்திலும் கைப்பிடியில் அதே இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஷூட்டிங்குக்கு விடுகிற பங்களாவாக இருக்கவேண்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திமிரோடு அம்மாவிடம் காட்டினேன்.

அவள் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை. "எங்க எல்லாருக்கும் தெரியும்டி. அவுங்களுக்கு அது வாடகப் படி. நம்மளுது சொந்தமா கீதுல்ல?"

பத்தாம் வகுப்பை அந்த மாடிப்படியின் நான்காவது படியில் உட்கார்ந்து படித்தேன். அம்மாவை மன்னிக்க வெகுநாளாயிற்று.

இப்போது அம்மா இல்லை. வீட்டை எங்களிடம் வாங்கியவர்கள் அதை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். நட்சத்திரங்கள் செல்போனிலேயே வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நான் அவர்கள் படியின் கைப்பிடியைப் பெரிதாக்கி, உரிந்த பெயிண்ட்டைத் தேடுகிறேன். எல்லாம் பொய்யென்று முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை பார்க்கிறேன். பொய்யைக் கண்டுபிடித்தால் பார்ப்பதை விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் என் மகள் பழைய ஆல்பத்தில் ஒரு படத்தைக் கண்டாள். கிரகப்பிரவேசத்தன்று படியில் கை வைத்து நின்று அம்மா சிரிக்கிற படம். அது நம் வீடு என்றேன்.

"சும்மா சொல்லாதம்மா, இது எதோ ஷூட்டிங் ஊடு" என்று சொல்லி, கைப்பிடியை உற்றுப் பார்த்தாள். கூட்டிப்போய்க் காட்ட அந்தப் படி இல்லை.