நான் நிறுத்தின சத்தம்

அத்தோட வுட்டாளா அந்த எதிர் வூட்டுக்காரி? பொன்னேரி வரைக்கும் பஸ்ல சொல்லிக்கினே வரா, உன் வூட்டுக்காரரு கார்ல பேய் பூந்துக்கிச்சினு. சிரிக்காத, நெசமாத்தான். "வண்டிய கெளப்பினா ஞொய்ங்குதாம், முடுக்க முடுக்க கத்துதாம், ஆஃப் பண்ணா கப்சிப்பாம்"னு கண்ண உருட்டிக்கினு சொல்றா. அடி போடி, பேயுமில்ல பிசாசுமில்ல, அது எர்த்து வயருன்னேன். அவ என்ன பாத்த பார்வ இருக்கே! கைநாட்டு வெக்கிற பொம்பள, பேத்தி எடுத்தவ, எர்த்து வயருன்றாளேனு.

வா, இந்த மொடாவ கவுத்துப் போட்டு குந்து. கருவாட்டுக்குக் காவலும் ஆச்சி, நமக்குப் பேச்சும் ஆச்சி. காக்கா வெரட்டுற கோல அந்தப் பக்கம் வையி.

டிக்கில ஒரு ஸ்பீக்கரு பொட்டி வெச்சிக்கிறாரே உன் வூட்டுக்காரரு, டம்மு டம்முனு நெஞ்சுல குத்துற பொட்டி, அது மேல தப்பில்ல. அதுக்கு கரண்டு குடுக்குற ஆம்ப்ளிபயரு மேலயும் தப்பில்ல. கடக்காரன் ஏமாத்திட்டான்னு மெட்ராசுக்குத் தூக்கினு ஓட வேணாம்னு சொல்லு. அதுக்கு மூணு வயரு. செவப்பு, பேட்டரிலேர்ந்து வர்றது. கறுப்பு, வண்டி தகட்டுல நட்டு போட்டு முடுக்குறது. இன்னொன்னு பாட்டு வர்ற வயரு. அந்தக் கறுப்பு வயர முடுக்குன எடத்துல பெயிண்ட்டு கீதானு பாக்கச் சொல்லு. பெயிண்ட்டு மேல முடுக்கினா, பாய் மேல நங்கூரம் போட்ட மாரி. புடிக்காது. உப்புத்தாள் வெச்சி வெள்ளத் தகடு தெரியத் தேய்க்கணும். அப்புறம் பாட்டு வயர பேட்டரி வயரோட ஒட்டி இஸ்துனு வந்திருப்பாரு. அது ஒரு ஓரம், இது ஒரு ஓரமா வரணும், சண்ட போட்ட சம்பந்திங்க மாரி. போயி சொல்லிட்டு வா, நான் இங்கியேதான் கீறேன்.

சொல்லிட்டியா? இன்னான்னாரு? சிரிச்சாரா? சிரிக்கட்டும் சிரிக்கட்டும்.

எனக்கு எப்டித் தெரியும்னா, அது பெரிய கூத்து. எனக்கு அப்ப ஒம்போது வயசோ பத்து வயசோ. ஸ்கூலுக்கு நாலே நாள்தான் போனவ நானு. நாலாம் நாளு பக்கத்துல குந்தினு இருந்தவன் கைய கடிச்சிட்டேன். வாத்தியாரு, "நாளைக்கு உங்க நைனாவ இட்டுனு வா"ன்னாரு. நைனா வந்தாரு, வாத்தியாரு எதிர்லயே முதுகுல ரெண்டு வெச்சாரு. அதோட படிப்புக்கு ஒரு கும்புடு. இத மனசுல வெச்சிக்கோ, பின்னால வரும்.

அப்பல்லாம் எங்க குப்பத்துலேர்ந்து பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கூட தூக்கினு போற பொம்பளைங்களுக்குனு ஒரு வேன் வரும். ஓட்டுறவரு பக்கத்து குப்பம், நம்ம சனம்தான். ஆனா கடலுக்குப் போவ மாட்டாரு. படகு ஒரு அல ஏறி எறங்கினா போதும், துன்னதெல்லாம் வெளிய வந்துடும். அதனால ஆம்பளைங்க நடுவுல அவருக்கு மரியாத கெடையாது. எங்க நைனா கூட, "தண்ணிக்குப் பயந்தவன்"னு எளக்காரமா பேசுவாரு. பொம்பளைங்க நடுவுல மட்டும் ராஜா. ஏன்னா அந்த வேன்லதான் பாட்டு. சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிபயரு, பின்னால இம்மாம் பெரிய பொட்டி. அது அடிச்சா கூடையில எறா துள்ளும். செத்த எறா!

நைனாவோட தங்கச்சி, எங்க அத்த, எங்களோடதான் இருந்திச்சி. எங்க வூடு ரோட்டு ஓரம். எதிர மணல்ல பழைய வல விரிச்சி அத்ததான் மீன் காய வெக்கும். நான் கூடமாட காக்கா வெரட்டுவேன். அத்தைக்கு வாய் பேசறத வுட கைதான் பேசும். ஒரு கூட நெத்திலிய ஆயிற நேரத்துக்குள்ள நீ தலகூட பின்ன மாட்ட.

பொங்கல் கழிச்சி ஒரு நாளு அந்த வேன்ல இந்த ஞொய்ங் சத்தம் வந்திச்சி. சரியா எங்க வூட்டு எதிர வண்டிய நிறுத்திட்டாரு. இஞ்சின ஆஃப் பண்ணா பாட்டு தேனாட்டம் வருது. இஞ்சின் ஓடினா பாட்டுக்குள்ள ஞொய்ங்கு. எறங்கி சீட்ட தூக்கி, இந்த வயர ஆட்டி அந்த வயர ஆட்டி, ஒரு பாட்ட முழுசா போட்டுக் கேட்டுட்டு, அப்புறந்தான் கெளம்பினாரு. மறாநாளும் அதே எடம், அதே ஞொய்ங்கு. ஒரு நாளு பாட்டு வயர கூரையோரமா இஸ்து வுட்டாரு. ஒரு நாளு பொட்டிய திருப்பி வெச்சாரு. ஒரு நாளு பேட்டரிய வெந்நி ஊத்திக் கழுவினாரு. கூடக்காரப் பொம்பளைங்க கத்துவாங்க, "யோவ், பாட்டு கெட்டா போவுது, மீனு கெட்டா எவன்யா வாங்குவான்?"

"யக்கா, உப்புக் காத்துக்கா, வயரெல்லாம் துரு. ரெண்டே நிமிசம்."

ரெண்டு நிமிசம்னு சொல்லிட்டு எங்க வூட்ல வந்து தண்ணி கேப்பாரு. அத்த சொம்புல குடுக்கும். ஒரு சொம்புத் தண்ணிய ஒருத்தன் அவ்ளோ நேரம் குடிச்சி நான் பாத்ததே இல்ல. அத்தையும் திருப்பின மீனயே திருப்பிக்கினு நிக்கும். வலையோட அந்தக் கோடில காக்காங்க பந்தி போட்டுத் துன்னும். எங்க ஆயா சாயந்தரம் மீன வாரும்போது பொலம்புவா, "இந்த வேன் வர நேரத்த பாத்து வருதுங்கடி, காக்காங்களுக்கும் பாட்டு புடிச்சிப்போச்சி"னு.

ஒரு நாளு சுத்தி நின்னவங்க கிண்டல் தாங்காம வேன்காரரு சவால் வுட்டாரு. "இந்தச் சத்தத்த எவன் நிறுத்துறானோ அவன முன் சீட்டுல குந்த வெச்சி பொன்னேரிக்கு இட்டுனு போறேன்!" எவனாலயும் ஆவாதுன்ற தைரியம். முன் சீட்டுனா இன்னான்னு நெனச்ச? அதுல ஏறினா தலைல எவ கூடையும் இடிக்காது, மேல மீன் தண்ணி ஒழுவாது, எதிர ரோடே தெரியும். எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல.

நைனாவோட படகு இஞ்சின்ல நட்டு துரு புடிச்சா நான்தான் பக்கத்துல குந்தினு சாமான் எடுத்துக் குடுப்பேன். கழட்டுவாரு, உப்புத்தாள்ல தேய்ப்பாரு, இறுக்குவாரு, மேல கிரீசு அப்புவாரு, உப்புத் தண்ணி உள்ள போவாம. அதப் பாத்துப் பாத்து எனக்கு அத்துப்படி. வேன்காரரு சொம்போட நிக்கிறப்போ, நைனாவோட ஸ்பேனர எடுத்துக்கினு வேனுக்குள்ள பூந்துட்டேன். சீட்டுக்கு அடியில ஒவ்வொரு வயரா இஸ்துப் பாக்கிறேன். செவப்பு கெட்டியா கீது. கறுப்பு வயரு நட்டு மட்டும் வெரல் பட்டாலே சுத்துது. அடியில பெயிண்ட்டு வேற. அட இதானா! தேச்சி, ஒரு கால சீட்டுல ஊணிக்கினு இறுக்கு இறுக்குனு இறுக்கி, மேல கிரீசு அப்பி வுட்டேன்.

அவரு வந்து இஞ்சின கெளப்புறாரு. பாட்டு. வெறும் பாட்டு. முடுக்குறாரு. பாட்டுதான். கூடக்காரங்க எல்லாரும் கை தட்றாங்க, நான் ஸ்பேனர தூக்கிக் காட்டுறேன். அவரு என்ன பாத்தாரு, நட்ட பாத்தாரு, எங்க அத்தைய பாத்தாரு. சந்தோசப்பட வேணாம் மனுசன்? வல அறுந்தவன் மாரி நிக்கிறாரு.

வாக்கு குடுத்துட்டாரே, இட்டுனு போனாரு. முன் சீட்டு! பன்னு கூட வாங்கிக் குடுத்தாரு. ஆனா வழி பூரா ஒரே கேள்வி. "பாப்பா, நட்ட ரொம்ப இறுக்கிட்டியோ?" நான் நெஞ்ச நிமித்தி, "எங்க நைனா வந்தாலும் கழட்ட முடியாது"ன்னேன். உஸ்ஸுனு பெருமூச்சு வுட்டாரு. அன்னிக்கு சாயந்தரம் அத்த என் தொடையில கிள்ளிச்சி பாரு, ரெண்டு நாளைக்கு நீலமா இருந்திச்சி. "உன்ன யாருடி அத தொடச் சொன்னது?" நல்லது பண்ணா கிள்ளுதே, இன்னா ஜென்மமோனு நெனச்சிக்கினேன்.

அப்புறம் வேன் நிக்கறதே இல்ல. அவரு பிரேக்கு மேல கால் வெச்சாலே பொம்பளைங்க, "ஏன்யா நிறுத்துற? சத்தந்தான் போச்சே, வுடு வண்டிய!" காக்காங்க எளச்சிப்போச்சி. ஆயாவுக்கு மட்டும் கொண்டாட்டம், ஒரு மீன் கொறையல பாருனு.

அதே வாரம் நைனா ஆந்திரா எல்லைல தடா பக்கத்துலேர்ந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் கொண்டாந்துட்டாரு. சொந்தப் படகு, ரெண்டு செட்டு வல. ஞாயித்துக்கெழம வந்து தட்டு மாத்திக்கறதுனு பேச்சு. கடலுக்குப் போறவனுக்குத்தான் என் தங்கச்சின்றதுல நைனா கல்லாட்டம் நின்னாரு. அத்த தட்டுல போட்ட சோறு தட்டுலயே காயும். எனக்கு இன்னா தெரியும், தடாக்காரங்க வந்தா ஜிலேபி வரும், அவ்ளோதான்.

சனிக்கெழம காலைல அத்த ஆயா கிட்ட, "உனக்கு முட்டி வலி, இன்னிக்கு கூடய நான் எடுத்துனு போறேன்"னுச்சி. ஆயாவுக்கு நம்பவே முடியல. நான் முந்தானைய புடிச்சிக்கினு பின்னாலயே ஓடினேன். கரையில வேன்ல ஏறினோம். ஆம்ப்ளிபயரு கீற சீட்டு எதிரவே அத்த குந்திச்சி. வண்டி கெளம்பிச்சி, பாட்டு தேனாட்டம் வருது. அத்த கூடையிலேர்ந்து மீன் கத்திய எடுத்திச்சி, காலடில எதையோ தேடுற மாரி குனிஞ்சிது. நறுக்குனு ஒரு சத்தம்.

ஞொய்ங்ங்ங்!

முன்ன வந்ததுக்கு நாலு மடங்கு. வேன்காரரு மூஞ்சி புது பல்பு மாட்டின மாரி ஆயிடிச்சி. எங்க வூட்டு எதிர வந்து நின்னுது வண்டி. பொம்பளைங்க தலைல அடிச்சிக்கிறாங்க. அவரு ஓடியாந்து சீட்டுக்கு அடியில பாக்குறாரு, நட்டு நட்டாவே கீது, வயரு ரெண்டு துண்டா தொங்குது. எனக்கு வந்துச்சே கோவம். நான் இறுக்கின வயராச்சே! வாசல்ல வல பின்னினு இருந்த நைனாவ பாத்து தொண்ட கிழியக் கத்தினேன்: "நைனா! அத்ததான் வயர அறுத்துச்சி! கத்தியால அறுத்துச்சி! நான் பாத்தேன்!"

நைனா எழுந்து வந்தாரு. அறுந்த முனைய கைல எடுத்துப் பாத்தாரு. வெள்ளையா ஒரு மீன் செதிலு ஒட்டினு இருந்திச்சி.

"நட்டு கெட்டியாத்தான கீது. இத்தினி நாளா எதனால சத்தம்?"

வேன்காரரு தோள் துண்ட எடுத்து கைல புடிச்சிக்கினாரு. "அப்ப நட்டு லூசா இருந்திச்சிண்ணா."

"யாரு லூசாக்கினது?"

"நான்தாண்ணா. தெனிக்கும். வூடு வர்றதுக்கு முன்னால."

பின் சீட்டுக் கெழவி ஒருத்தி, "அடப்பாவி! என் எறா எத்தினி நாளு நாறிச்சிடா உன்னால!"ன்னா. ஒருத்தரும் சிரிக்கல. நைனா அத்த பக்கம் திரும்பினாரு.

"தடாக்காரன் உனக்கு இன்னாம்மா கெடுதல் பண்ணான்?"

"அவரு ஒண்ணும் பண்ணல. இவரும் ஒண்ணும் பண்ணல, வண்டிய நிறுத்தினாரு."

"தண்ணிக்குப் பயந்தவன்டி இவன்."

"உனக்கு பயப்படாம எதிர நின்னு ஒத்துக்கினாரே, அது போதும் எனக்கு."

அத்த அவ்ளோ நீளமா பேசி அன்னிக்குத்தான் கேட்டேன். கத்தி மடிலயே கீது, தல குனியல. நைனா ரொம்ப நேரம் அந்தச் செதில நகத்தால சொரண்டினு நின்னாரு. அப்புறம் வயரு முனைய பல்லால கடிச்சி உரிச்சி, முறுக்கி, திரும்ப நட்டுல மாட்டினாரு. எழுந்து கைய தொடச்சிக்கினே வேன்காரரு கிட்ட சொன்னாரு: "நாளைக்கு உங்க அம்மாவ இட்டுனு வா."

வாத்தியாரு சொன்னாரே, ஞாபகம் கீதா? அதே பேச்சு! அம்மாவ வரச் சொல்லி, அம்மா எதிர்லயே அடி. பன்னு வாங்கிக் குடுத்த மனுசன நான் மாட்டி வுட்டுட்டேனே. நைனா கைக்கு எட்டக் கூடாதுனு வூட்ல கீற துடுப்பு, கழி எல்லாத்தையும் எடுத்தாந்து வலைக்கு அடியில பதுக்கினேன். மறாநாளு அவங்கம்மா பூவு, பழம், வெத்தல பாக்கெல்லாம் எடுத்துனு வராங்க. ஐயோ பாவம், அடிக்க வேணாம்னு கெஞ்சறதுக்கு லஞ்சம் கொண்டாந்துக்கிறாங்களேனு நான் தூணுக்குப் பின்னால நின்னு அழுவுறேன். தடாக்காரங்களுக்கு வராதீங்கனு ஆள் போயாச்சி. ஜிலேபியும் போச்சி.

கல்யாணத்தன்னிக்குக் கூட எனக்குப் புரியல. நட்ட லூசாக்கினது அவரு, வயர அறுத்தது அத்த, அதான் ரெண்டு பேரையும் சேத்து வூட்ட வுட்டு அனுப்புறாங்கனு நெனச்சேன். அத்த வேன்ல ஏறும்போது அழுதுச்சி. எல்லாம் நான் காட்டிக் குடுத்ததாலனு நானும் ஓன்னு அழுதேன். அத்த குனிஞ்சி என் காதுல, "நீ மட்டும் அந்த நட்ட இறுக்காம இருந்தா, இவரு ஆயுசுக்கும் தண்ணி குடிச்சினே நின்னிருப்பாருடி"னுச்சி. என்ன கிண்டல் பண்ணுதுன்னுதான் நெனச்சிக்கினேன். அதுக்கப்புறம் போயி முன் சீட்டுல குந்திக்கிச்சி பாரு, அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சிது. சத்தத்த நிறுத்தினது நானு, சீட்டு அதுக்கா?

தோ, கேளு. கேளேன். உன் வூட்டுக்காரரு வண்டி ஓடுது, ஞொய்ங்கக் காணோம். உப்புத்தாள் போட்டுட்டாரு, போ. சிரிச்சாராமே, இப்ப சிரிக்கச் சொ... ஏய்! ச்சூ! ச்சூ! அடியே, இன்னாடி பாத்துக்கினு குந்தினுகீற, அந்தக் கோடில காக்கா வாள மீன முழுசா தூக்கினு போவுது பாரு, அந்தக் கோல எடு, கோல!