பன்னிரண்டாம் நாற்காலி

எங்கள் அப்பா பாதங்களை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் பாதம் கழுவும் சடங்குக்குப் போவார். பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்துச் சாமியார் மண்டியிட்டுப் பாதம் கழுவுவார். அதற்காக அப்பா காலையிலேயே வெந்நீரில் காலை ஊறப்போட்டு, பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய சோப்பைத் தேய்த்து, நகம் வெட்டி, குதிகால் வெடிப்புக்குக் கிரீமும் பூசிக்கொள்வார். மற்றப் பதினொரு வீடுகளிலும் இதே கதைதான். சாமியார் கைக்கு வரும்போது கழுவுவதற்கு அழுக்கென்று ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்தப் பன்னிரண்டு பேரும் வருஷாவருஷம் அதே பன்னிரண்டு வீடுகளிலிருந்துதான் வருவார்கள். எங்களுடையது சொல்தா வீடு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சாமியார் அப்பாவின் காலைத் துடைத்து முத்தமிடும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எனக்குத் திருநாள்.

சுனாமிக்கு அடுத்து வந்த தவக்காலத்தில் எங்கள் கோயிலுக்கு ஓர் இளம் சாமியார் வந்தார். குருசுக்குப்பத்தில் வலைக்காரர்களோடு மண்ணில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் என்று எல்லோரும் அவரை மெச்சினார்கள். குருத்து ஞாயிறன்று அவர், யூதாசின் காலைக்கூட ஆண்டவர் விட்டுவைக்கவில்லை, நாம் மட்டும் ஆள் பார்த்துக் கழுவுகிறோம் என்று பிரசங்கம் செய்துவிட்டு, ஒரு பானையிலிருந்து பன்னிரண்டு பெயர்களைச் சீட்டெடுத்தார். பதினோராவது அப்பாவின் பெயர். பன்னிரண்டாவது, காலனியிலிருந்து வரும் ஒருவருடையது. நகராட்சியில் வாய்க்கால் அள்ளுகிறவர். பல வருஷமாகக் கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றே பூசை பார்த்தவர். மெச்சியவர்கள் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்பா வீட்டில் சத்தம் போடவில்லை. பக்கத்து நாற்காலியில் அந்த ஆள் என்றால் நான் போகப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். ஆப்பிரிக்கரோடு ஒரே கூடாரத்தில் படுத்ததைப் பெருமையாகச் சொல்லும் அதே அப்பாதான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சோறு பரிமாறினாள். "அந்த ஆளா ஒதுங்கிக்கினா எல்லார்க்கும் மரியாதை" என்றாள் அத்தை.

அதை என்னிடம் சொல்லவில்லை. யாரும் என்னை எங்கும் அனுப்பவில்லை. இதை ஒப்புக்கொள்வதற்குத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் மத்தியானம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாற்காலி எண்ணும் நேரமும் எழுதிய சீட்டுகளைப் பன்னிரண்டு வீடுகளுக்கும் கொடுத்துவரச் சொன்னார் சாமியார். நீ வீட்டுக்குப் போகும் வழிதானே என்று காலனிச் சீட்டை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பத்து வயது.

அந்த மனிதர் தன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து செங்கல் துண்டால் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னோடு ஞானோபதேசம் படிக்கும் அவர் மகள் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கணுக்கால் சிவந்துபோகும் அளவுக்குத் தேய்த்திருந்தார். கொடியில் புது வேட்டி காய்ந்தது. சீட்டு என் புத்தகத்துக்குள் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"ஃபாதர் உங்கள வரவாணாம்னு சொன்னாரு" என்றேன்.

அவர் கை நின்றது. "சாமியாரே சொன்னாரா, பாப்பா?"

"ஆமா."

கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். அவர் செங்கல்லை ஓரமாக வைத்துவிட்டு, மகளிடம் தண்ணீர் போதும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வெயில்ல வந்துருக்க, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். தாகமில்லை என்றேன். நாக்கு ஒட்டிப்போயிருந்தது. அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அந்த ஆள் வரவில்லையாம் என்றேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. வெந்நீர் வைக்கச் சொன்னார்.

மாலையில் பன்னிரண்டாம் நாற்காலி காலியாக இருந்தது. சாமியார் கையில் துண்டோடு வாசலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில் என் மாமாவை யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள். மாமாவின் கால்களும் சுத்தமாகத்தான் இருந்தன. பூசை முடிவில் சாமியார், அழைத்தாலும் முன்வரக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஜெபிப்போம் என்றார். கோயில் முழுவதும் எழுந்து நின்று அந்த மனிதரின் கூச்சத்துக்காக ஜெபித்தது. நானும் கைகூப்பினேன். இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிறுதோறும் வந்தார். ஆனால் பூசையில் நன்மை அப்பம் வாங்க இளம் சாமியாரின் வரிசைக்கு வராமல், வயதான உதவிச் சாமியாரின் வரிசைக்கே போவார். இளம் சாமியார் அவரைப் பார்த்துச் சிரித்தால் தலையைக் குனிந்துகொள்வார். ஒருவருக்கொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தில் சாமியாருக்கு மாற்றலாகிவிட்டது. அதுவரைக்கும் நான் வாரம் தவறாமல் இருவரையும் பார்த்தேன். ஒரு வார்த்தையில் சரிசெய்திருக்கலாம்.

நான் மனசாட்சி இல்லாத பிள்ளையும் அல்ல. அந்த வாரச் சனிக்கிழமையே அதே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டேன். பொய் சொன்னேன் ஃபாதர், ஒரே நாளில் மூன்று என்று கணக்குத் தப்பாமல் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. சிறுபிள்ளைகளிடம் அவர் அப்படித் தோண்டிக் கேட்பதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதனால யாருக்காவது கஷ்டம் வந்துச்சாம்மா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்குச் சந்தோஷம். அத்தைக்குச் சந்தோஷம். மாமாவுக்குக்கூடச் சந்தோஷம். அந்த மனிதர் அழவில்லை, திட்டவில்லை, எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க வந்தார்.

"இல்ல ஃபாதர்" என்றேன். அதைப் பொய் என்று நினைக்கவேயில்லை.