கூழ் ஐஸ்

ஆடியில் கோயிலில் கூழ் வார்ப்பதற்கு முதல் நாளே எங்கள் குயிலாப்பாளையத்து வீட்டில் கேப்பைக் கூழ் காய்ச்சிவிடுவார்கள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்ததால் தலைக்கனத்துக்குக் குறைவில்லை. திண்டிவனத்திலிருந்து அத்தை மகனும் வந்திருந்தான்.

அப்பாவுக்கு ஆரோவில்லில் சீஸ் செய்யும் இடத்தில் வேலை. பால் சூட்டைப் பார்க்கும் தெர்மாமீட்டருக்கு பேட்டரி மாற்ற வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் சமையலறையில் ஒரு சொம்புக் கூழில் அதைச் செருகினேன். எண்பத்துமூன்று. பத்து நிமிஷத்தில் அறுபத்தெட்டு. பத்து நிமிஷத்துக்குப் பதினைந்து என்றால் ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு இறங்கும். அதாவது பூஜ்யத்துக்கும் கீழே. கூழ் ஐஸாகிவிடும் என்று அறிவித்தேன்.

அத்தை மகன் சிரித்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆகாவிட்டால் என் சைக்கிள் ஒரு மாசம் உனக்கு என்று சொல்லித் தொலைத்தேன். யாரையும் தொடவிடாத புதுச் சைக்கிள் அது.

கூழுக்கு என் கணக்கைப் பற்றிக் கவலையே இல்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் பதினொன்றுதான் இறங்கியது. பிறகு ஏழு, பிறகு ஐந்து. ஒரு மணி நேரம் முடிந்தபோது முப்பத்தொன்பது. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு மணி நேரம் வாங்கினேன். முப்பத்துமூன்றுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

சைக்கிள் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அழுகை முட்ட, மீட்டரைத் துடைத்து மேடையில் வைத்தேன். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அப்போதும் முப்பத்துமூன்று. எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது.

“கூழே இல்லாம சும்மா கெடக்கும்போதும் முப்பத்துமூணுதான் காட்டுது பாரு. மீட்டரு ரிப்பேரு. பெட்டு செல்லாது.”

அவன் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பார்த்தான். முப்பத்துமூன்றேதான். நேர்மையான பையன், பாவம்.

“ஆமா, ரிப்பேராத்தான் கீது,” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் மீட்டரை வேலைக்குக் கொண்டுபோய்வந்த அப்பா, ரிப்பேர் என்றாயே, நல்லாத்தானே வேலை செய்கிறது என்று தலையைச் சொறிந்தார். நான் காதில் வாங்காமல் சைக்கிளில் பறந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து விழுப்புரத்துக் கல்லூரியில், டீ ஆறும் விதத்தைச் சமன்பாடாக எழுதிய ஆசிரியை, அறையின் சூட்டை நெருங்க நெருங்க ஆறும் வேகம் குறையும் என்றார். வகுப்பில் நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று மீட்டர் காட்டியது எங்கள் சமையலறைக் காற்றின் சூட்டை. விடையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அதை ரிப்பேர் என்று சாதித்திருக்கிறேன். அத்தை மகனுக்கு இன்னும் ஒரு மாசச் சைக்கிள் பாக்கி.