கழற்றிப் போட்ட சைலன்சரின் சத்தம்

பேயைப் பார்த்தேன் என்று எவனாவது வந்து சொன்னால், முதலில் அவன் வாயை முகர்ந்து பார்க்கிற ஆள் நான். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தாயிற்று. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டிலும் படப்பை ரோட்டிலும் நான் ஓட்டாத இருட்டு இல்லை. புளியமரம், சுடுகாடு, ஏரிக்கரை எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்திருக்கிறேன், ஒரு பூனைகூட என்னை மிரட்டியதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் பட்டப்பகலில், என் சொந்த வீட்டு வாசலில், இது நடந்தது. நம்பினால் நம்புங்கள். என் மாப்பிள்ளை நம்பவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம், ஐப்பசி மழை. சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு, தெருவில் கடைசி வீடு என்னுடையது. இன்றைக்கு ஒரகடம் பக்கம் வந்து பார்த்தால் கம்பெனியும் கண்டெய்னர் லாரியுமாக இருக்கிறதே, அதெல்லாம் அப்போது ஏது? நெல்லும் வேர்க்கடலையும், இரண்டு மூன்று செங்கல் சூளையும்தான். என்னிடம் நாலு கை மாறி வந்த பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தது. அவசரப் பிரசவமோ, தாம்பரம் ஸ்டேஷனோ, குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணமோ, சுற்றுவட்டாரத்தில் என் வண்டிதான்.

அந்த வண்டியின் சைலன்சர் குழாயில், முன் சீட்டுக்கு நேர் கீழே, துருப்பிடித்து ஒரு ஓட்டை. அது போடுகிற சத்தம் இருக்கிறதே, மூன்று தரம் படபடவென்று அடித்துவிட்டு ஒரு நொடி நிற்கும், அப்புறம் 'டப்' என்று ஒன்று வெடிக்கும், திரும்பப் படபட. வேறு எந்த வண்டியிலும் அந்தக் கணக்கு வராது. ஏரிக்கரை திருப்பத்தில் நான் வரும்போதே தெருவில் ஏகாம்பரம் வந்துவிட்டான் என்று சொல்லிவிடுவார்கள். சத்தம் போனால் போகட்டும், புகைதான் தொல்லை. தரைத் தகடும் ஓட்டை என்பதால் புகை நேராக உள்ளே ஏறும். அரைமணி ஓட்டினால் தலை கனத்துவிடும்.

என் மனைவி சரோஜாவுக்கு அப்போதுதான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, மாதம் நிறையாமல் பிறந்துவிட்டது. எடை போதாதென்று பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். நான் அந்த முகத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டே இரண்டு தரம்தான் பார்த்தேன். சரோஜாவுக்கு அம்மா கிடையாது, அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். குழந்தைக்குப் புகை ஆகவே ஆகாது என்று நர்ஸ் இரண்டு தரம் சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கு முந்தின நாள் காலையில் சரோஜா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நம்ம வண்டியிலயே இட்டுகினு போ. ஆனா அந்தப் புகையோட வராத, சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

படப்பை வெல்டிங் கடைக்காரன் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஒட்டாது, புதுசு போடு என்றான். புதுசுக்கு நான் எங்கே போக? நானே செய்துகொள்கிறேன் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இதற்கு ஒரு லாரி டிரைவர் எப்போதோ சொன்ன வைத்தியம் ஒன்று இருந்தது. அடுப்புக்குப் பூசுகிற களிமண்ணில் சாம்பலும் உப்பும் போட்டுப் பிசைந்து, துணியில் தோய்த்து ஓட்டைமேல் சுற்றி, அதன்மேல் எண்ணெய் டின்னை வெட்டிய தகட்டை வளைத்துக் கம்பியால் இறுக்கவேண்டும். சூடேறச் சூடேற மண் கல்லாகிவிடும். என் பழைய வெள்ளை வேட்டியைத்தான் பட்டை பட்டையாகக் கிழித்தேன்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல் நான் செய்ததுதான் முட்டாள்தனம். முன்பக்க இடது டயர் பஞ்சர். எப்படியும் ஜாக்கி போட்டுத் தூக்கப் போகிறோம், இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டுமே என்று டயரைக் கழற்றி, பஞ்சர் கடைக்கு உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். டயர் இருந்திருந்தால், வண்டி சரிந்தாலும் அது தாங்கியிருக்கும். அதற்குப் பதில் சூளைக்காரன் வேண்டாம் என்று ஒதுக்கிய செங்கல்லைத் தூக்கிவந்து ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். சும்மா கிடைத்தது. பாதி வெந்த கல், மூன்று நாள் மழையில் ஊறியது. வெளியே பார்க்கச் சிவப்பாகத்தான் இருக்கும், உள்ளே வெறும் சேறு.

உச்சிவேளை. நடவு நடந்துகொண்டிருந்ததால் தெருவே கழனியில் இருந்தது. கட்டுப்போட்ட குழாயை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மாட்டுவதற்காக முதுகால் நகர்ந்து வண்டிக்கு அடியில் போனேன். இரண்டு போல்ட் முறுக்கியிருப்பேன். கல் நொறுங்குகிற சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, மாவு சரிகிற மாதிரி 'சர்' என்றது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி என்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

நசுங்கவில்லை. குழாய்தான் குறுக்கே கிடந்து கொஞ்சம் தாங்கியது. ஆனால் நெஞ்சு முழுசாக விரிய இடமில்லை. பாதி மூச்சு இழுக்கலாம், அவ்வளவுதான். வலது கை இடுப்போடு மாட்டிக்கொண்டது. தலை இடப்பக்கம் திரும்பியபடி இறுகிவிட்டது. பம்பர் பக்கமாக, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும்தான் எனக்கு உலகம் தெரிந்தது. கத்தப் பார்த்தேன். கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே. தூறல் ஆரம்பித்தது. வாசல் பள்ளம், தண்ணீர் மெதுவாக வந்து காதை நனைத்தது. எவ்வளவு நேரம் கிடந்தேன், தெரியாது. செத்துப்போவேனே என்றுகூட நினைக்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவள் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பாளே, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பாளே, அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்போதுதான் கேட்டது. ஏரிக்கரை திருப்பத்தில், மூன்று தரம் படபட, ஒரு நொடி நிறுத்தம், ஒரு டப்.

நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா? அந்தச் சத்தம் போடுகிற குழாய் என் நெஞ்சின்மேல் கிடக்கிறது. அந்த வண்டி என்மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சில்லென்று இருக்கிறது. ஆனால் என் வண்டி ரோட்டில் வருகிறது. தெருமுனையில் கியர் மாற்றும்போது ஒரு கரகரப்பு வரும், அதுவும் வந்தது. வாசலுக்கு வந்து நின்றது. என் வண்டியின் டிரைவர் கதவு ஒரே தரத்தில் சாத்தாது, இரண்டு தரம் அடிக்கவேண்டும். இரண்டு தரம் அடித்தது.

சேற்றில் கால் வைத்து யாரோ வந்தார்கள். நான் பார்த்தது கால் மட்டும்தான், செருப்பில்லாத இரண்டு கால். எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொண்டு நிற்கும். அந்தக் காலிலும் அப்படி நின்றது. வலது கணுக்காலின் உள்பக்கம் ஓரம் சுருங்கிய ஒரு வெள்ளைத் தீத்தழும்பு. வலது பெருவிரல் நகம் முழுக்கக் கறுத்திருந்தது. அந்த விரலைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணிப் பட்டை, அதன் ஒரு முனை தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் என் காதுவரைக்கும் வந்திருந்தது, அந்தத் துணி மட்டும் நனையவில்லை.

"யாருப்பா" என்று கேட்டேனோ, கேட்க நினைத்தேனோ. ஏதோ கனமாக நகர்கிற சத்தம் வந்தது, பிறகு ஜாக்கித் தடியைச் சுற்றுகிற சத்தம், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுற்றாக. நெஞ்சு விரிந்தது. ஒரு முழு மூச்சு இழுத்தேன் பாருங்கள், அந்த மூச்சின் ருசி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதுகைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன்.

வாசலில் யாரும் இல்லை, வண்டியும் இல்லை, டயர்த் தடமும் இல்லை. காலடித் தடம் நிறைய இருந்தது, எல்லாவற்றிலும் சுண்டுவிரல் ஏறித்தான் இருந்தது. காலையிலிருந்து நானும் அங்கேதான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன், எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? ஆனால் ஜாக்கிக்குக் கீழே எங்கள் துணி துவைக்கிற கல் இருந்தது. கிணற்றடியில் கிடக்கிற கல் அது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் புரளும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா கழனியிலிருந்து வந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவளே கேட்டாள். "இன்னாபா ஏகா, மத்தியானம் வண்டிய எடுத்துகினு எங்க போய் வந்த? நாங்க நாத்து பிடுங்கிகினு இருந்தோம், உன் சத்தம் கேட்டுச்சி. உன் வூட்டாண்ட வந்து நின்னது தெரிஞ்சிது. அப்பறம் திரும்பிப் போன சத்தமே கேக்கலியே?"

எனக்கும் கேட்கவில்லை. வந்தது கேட்டது, போனது கேட்கவில்லை. டயரை வாங்கிவரப் போகிறேன் என்று அவளிடமிருந்து நழுவிவிட்டேன்.

மறுநாள் காஞ்சிபுரம் போய் இரண்டு பேரையும் அழைத்து வந்தேன். மண்கட்டு நன்றாகவே பிடித்துக்கொண்டது, துளி புகை இல்லை, சத்தமும் இல்லை. வழியெல்லாம் குழந்தை தூங்கியது. அதுதான் என் மகள் ரேவதி. அவளைக் கட்டிய மாப்பிள்ளை இப்போது ஒரகடத்தில் கார் கம்பெனியில் இன்ஜினியர். அவரிடம் இதைச் சொன்னபோது மரியாதையாகக் கேட்டுவிட்டு, "மாமா, காலைல அவ்ளோ தூரம் அந்தப் புகையில ஓட்டினு வந்திருக்கீங்க. கார்பன் மோனாக்சைடு. அது மூளைய கொழப்பிடும். கல்ல நீங்களே முன்னாடி வெச்சிட்டு மறந்திருப்பீங்க. அந்தத் துணியும் உங்க வேட்டித் துணிதான்" என்றார். படித்தவர், சொல்வதில் நியாயம் இருக்கிறது. முனியம்மா அக்காவுக்கு யார் புகை போட்டது என்று கேட்டேன், சிரித்தார்.

துணியைப் பற்றி நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து வருஷம் கழித்து என் அண்ணன் போனார். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து நான்தான் கட்டினேன், வெள்ளைத் துணிப் பட்டையால். சுடுகாட்டில் அந்தத் துணிக்கட்டை அறுத்தார்கள். அறுத்த துணி ஒரு விரலிலேயே தங்கி, முனை தொங்கியது. அன்றைக்கு என் வாசலில் இழுபட்ட அதே முனை என்று தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். துக்கத்தில் மயங்குகிறான் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

சுண்டுவிரல் அண்ணனுக்கும் அப்படித்தான், ஆனால் அண்ணன் காலில் தழும்பு இல்லை. என் காலிலும் இல்லை. அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன். தழும்பு இல்லையே, அது என் கால் இல்லையே என்று எட்டு வருஷம் தேற்றிக்கொண்டேன். அப்புறம் ஷிப்ட் ஆட்களை ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் சூடாக இருந்த சைலன்சரைக் கழற்றப்போய், அது நழுவி வலது கணுக்காலின் உள்பக்கம் விழுந்தது. பொருக்கு உதிர்ந்த அன்று பார்த்தேன். ஓரம் சுருங்கிய வெள்ளைத் தழும்பு.

ஆகக்கூடி மிச்சம் இருந்தது நகம் ஒன்றுதான். அதை மாப்பிள்ளையிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று, ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல் சிரித்தார். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து வரும்போது, கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே விரல் பக்கம் இரும்பு வைத்த சேப்டி ஷூ.

"போட்டுக்குங்க மாமா, லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நம்பாத மனுஷன் எதற்கு ஷூ வாங்கி வருகிறார் என்று நானும் கேட்கவில்லை.

நாலு மாதமாக அதைத்தான் போட்டிருக்கிறேன், வீட்டுக்குள்ளேகூட. இந்த வெயிலில் எதற்குப்பா ஷூ என்று ரேவதி கத்துகிறாள். இப்போதெல்லாம் எனக்குப் பயம்கூட அவ்வளவு இல்லை. அன்றைக்கு அந்தக் கால் வராமல் இருந்திருந்தால் என் மகள் அப்பா முகம் தெரியாமல் வளர்ந்திருப்பாள். யாராவது போய்த்தானே அந்த ஜாக்கியைச் சுற்றவேண்டும்.

ஷூ அளவு ஒரு நம்பர் சின்னது. கொண்டுவந்து கொடுத்தவர் மனசு நோகுமே என்று சொல்லவில்லை. நேற்று ராத்திரி கழற்றிப் பார்த்தேன். வலது பெருவிரலில், நகத்தின் அடியில், அரிசி அளவுக்குக் கறுத்திருக்கிறது. இரும்பு அழுத்தின இடம்தான். சரோஜாவிடம் இன்னும் சொல்லவில்லை.