பசுவுக்குப் பதிலாக நுழைந்த கினிபிக்

நிம்மதியாக ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பிறவி நான். பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அந்தப் புதன்கிழமை காலையில் இன்னும் மோசம். ஏழரை மணிக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். மேற்குத் தாம்பரம் வாடகை வீட்டையும் அன்றே ஒப்படைக்க வேண்டும் என்பதால் சாமான், நான், கணவர், மகள், கினிபிக் கூண்டு எல்லாம் ஒரே டெம்போவில். கூண்டு மகளின் மடியில் இருந்தது. மேடவாக்கம் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் அது நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு கினிபிக்கும் உருண்டு, கீச்சென்று கத்தி, அடங்கிவிட்டன. "ஒண்ணும் ஆகலடி, விடு" என்று சொல்லிவிட்டு நான் மறந்துபோனேன்.

அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம், தோழிகள் எல்லாவற்றையும் தாம்பரத்தில் விட்டுவிட்டு வந்தாள். கூட வந்தவை இந்த இரண்டுதான். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. ஒரே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய நாளிலிருந்து ஒரே ஆப்பிள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும். புது வீட்டுக்குப் பழைய பெட்டி ஆகாது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பிக்கூண்டு வாங்கியதும் நான்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு மாட்டுக்காரர் வரவில்லை. மாடு இரண்டு மாடி ஏறாது, பார்க்கிங்கில் ஒரு சுற்று வந்தால் போதும் என்று பேசி வைத்திருந்தோம். போன் போட்டால், "மழையில மாடு நவுராம நின்னுகினு கீதும்மா, நான் இன்னா பண்றது?" என்றார். மணி ஏழு. பசு மிதிக்காத வீட்டில் எப்படிக் காலெடுத்து வைப்பது? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பசு இல்லன்னா என்ன, நம்மகிட்டதான் வெள்ளையா ஒண்ணு இருக்கே" என்றார் கணவர். அவர் கிண்டலுக்குச் சொன்னார். நான் கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. வெள்ளையைப் பிடித்து, பார்க்கிங் குழாயடியில் மஞ்சள் தண்ணீரில் அலசி, துடைத்து, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டி, வாசற்படி தாண்டி உள்ளே விட்டேன். அது கூடத்தின் நடுவில் நின்று புழுக்கை போட்டது. பசுவாக இருந்தாலும் இதைத்தானே செய்திருக்கும் என்று சிரித்தார் அவர். பால் பொங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மத்தியானம் வெள்ளையைக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டேன். செவலை மூக்கை நீட்டி மோந்தது. மயிர் சிலிர்த்துக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. அடுத்த நிமிடம் வெள்ளையின் காதைக் கவ்விவிட்டது. சந்தனத்தின் மேல் ரத்தம். பதறிப்போய்க் காய்கறிக் கூடையை நடுவில் கவிழ்த்துப் பிரித்தேன். வியாழக்கிழமை மறுபடி சேர்த்துப் பார்த்தோம், மறுபடி கடி.

"நான் கீழ போட்டுட்டேன்ல, அதான் அதுங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்று மகள் தேம்பினாள். இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது.

கணவருடைய நண்பர் ஒருவர் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வர்றான், ஒண்ணை அவன்கிட்ட குடுத்துடலாம், நேரத்துக்குத் தீனி கிடைக்கும்" என்றார் கணவர். ஆய்வுக்கூடத்தில் கினிபிக்குக்கு வேறு என்னென்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? மகளுக்கும் தெரிந்திருந்தது. எதைக் கொடுப்பது என்று அவளையே கேட்டபோது எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் ஓடினேன். அந்த இரண்டையும் எங்களுக்கு விற்றவர் அதே மரத்தடியில் முயல் கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"இன்னாது, மஞ்சத்தண்ணியா? சாம்பிராணி வேறயா? ஏம்மா, அது இன்னா கோயில் மாடா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "அதுங்க மோந்து பாத்துதாம்மா ஆளத் தெரிஞ்சுக்கும். வாசனைய நீ கழுவி வுட்டுட்டே. இவ யாரோ வேத்தாளுன்னு அது கடிக்குது."

"குழந்தை கூண்டைக் கீழ போட்டுட்டாளே, அதனால இல்லையா?"

"அதெல்லாம் அஞ்சு நிமிசத்துல மறந்துடும்மா."

பிறகு வழி சொன்னார். ஒரே துணியால் இரண்டையும் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இரண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில் விட்டு, தீனியை இரண்டு தட்டில் வைக்க வேண்டும். "ஒறுமும், தொரத்தும், மேல ஏறும். உனுக்குக் கை துறுதுறுங்கும், சும்மா குந்திக்கினு இரு. ரத்தம் வந்தா மட்டும் துணியப் போட்டுப் பிரி."

பஸ்ஸில் திரும்பும்போது மகளிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தேன். தப்பு என்னுடையது என்று நான் வாய் திறந்து சொன்னதாக எங்கள் வீட்டில் சரித்திரமே இல்லை. கணவருக்குத் தெரிந்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் பறக்கும். வீட்டுக்கு வந்தேன். வழியை மட்டும் சொன்னேன். காரணத்தை முழுங்கிவிட்டேன். அன்று மாலையும் அவள் வெள்ளையின் காதுப் புண்ணைப் பார்த்து அழுதாள். "சரியாயிடும்டி செல்லம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை குளியலறைத் தரையை ஈரம் போகத் துடைத்தோம். இரண்டு பக்கமும் திறந்த அட்டைப்பெட்டிகள் இரண்டு, கொத்தமல்லி இரண்டு தட்டு. கதவை அடைத்தாற்போல் நானும் மகளும் காலை நீட்டி உட்கார்ந்தோம். செவலை உறுமியது. வெள்ளை பெட்டிக்குள் ஓடி மறுபக்கம் வந்தது. துரத்தல், மறுபடி துரத்தல். மூன்று முறை துணியோடு எழுந்தேன். மூன்று முறையும் மகள் என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். "அம்மா, நான் இனிமே எதையும் தூக்கிட்டு வர மாட்டேன். ஒண்ணைக் குடுக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்றியா?" என்றாள்.

"நீ இல்லடி. நான்தான். வெள்ளையைக் குளிப்பாட்டினேன் பாரு, அதுல வாசனை போயிடுச்சு. செவலைக்கு அடையாளம் தெரியல. நீ போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சந்தைக்காரர் சொல்லிட்டார்."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவலை சுற்றிச் சுற்றி வந்து களைத்து, வெள்ளையின் கழுத்தடியை வெகுநேரம் மோந்தது. வெள்ளை நகரவில்லை. செவலை பல்லை நறநறக்கவும் இல்லை. தட்டு இரண்டு இருக்க, ஒரே தட்டில் இரண்டும் தலையை நுழைத்துக் கொத்தமல்லியைக் கறுக்முறுக்கென்று தின்றன.

"பாருடி, சேர்ந்துடுச்சுங்க! இப்பவே அப்பாகிட்ட சொல்லி அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுறேன்" என்று கத்தினேன்.

அவள் அவற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் நான் அழுதேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். நேற்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டதும் நான்தான்.